நாலு விரல் இடைவெளி

எங்கள் தெருமுனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது. மாநகராட்சி போட்டதல்ல. பைக்கில் பறக்கும் பையன்களுக்குப் பயந்து, தெருக்காரர்கள் ஆளுக்கு இருநூறு ரூபாய் போட்டு, மேஸ்திரி ஒருவரைக் கூப்பிட்டு, சிமென்ட்டைக் குவித்துத் தாங்களே கட்டிக்கொண்டது. பையன்கள் அதன் ஓரத்தில் கிடைக்கும் அரையடி இடைவெளியில் இப்போதும் பறந்துகொண்டுதான் இருக்கிறார்கள். மாட்டிக்கொண்டது என் அக்கா மகனின் கார்.

போன தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, ஜவுளி எடுக்க தி.நகர் கிளம்பினோம். அவன் ஓட்டினான். பக்கத்தில் நான், பின்னால் அக்காவும் அம்மாவும். தடைக்கு ஐந்தடி முன்பே நிறுத்திவிட்டு, "மாமா, நீங்க மூணு பேரும் ஒரு நிமிஷம் இறங்கிக்கோங்களேன். நான் தாண்டிடறேன், அப்புறம் ஏறிக்கலாம்" என்றான். இறங்கினோம். காரைக் குறுக்காக வளைத்து, முதலில் இடது சக்கரம், பிறகு வலது என்று ஒவ்வொன்றாக ஏற்றினான். அப்படியும் நடுவயிற்றில் 'கர்ர்' என்று நீளமாக ஒரு சத்தம். முழங்கால் வலியோடு தடையை நடந்து தாண்டிய அம்மா, "எங்க காலத்துல மாட்டு வண்டியிலதாண்டா மேடு வந்தா இறங்கி நடப்போம்" என்றாள்.

அது வெள்ளை ஸ்விஃப்ட். ஷோரூமிலிருந்து வரும்போது 14 அங்குல இரும்பு வீலும் அதன்மேல் பிளாஸ்டிக் கப்பும் இருந்தன. முதல் சம்பள உயர்வில் 17 அங்குல அலாய் வந்தது. அத்தோடு நின்றிருக்கலாம். வீல் மாட்டிய கடைக்காரர், டயருக்கும் அதன்மேல் வளைந்திருக்கும் தகட்டுக்கும் நடுவே கையை நுழைத்துக் காட்டினாராம்: "நாலு விரல் போகுது பாருங்க தம்பி. இவ்ளோ பெரிய வீல் போட்டும் வண்டி ஜீப் மாதிரி நிக்குது. ஸ்பிரிங்கையும் மாத்திட்டா செம ஸ்டான்ஸ்." வண்டியை 40 மில்லிமீட்டர் இறக்கும் ஸ்பிரிங் செட் ஒன்று அன்று மாலைக்குள் ஏறிவிட்டது. இப்போது அந்த இடைவெளியில் இரண்டு விரல்தான் போகும்.

வரைபடம் போட்டவர் மறந்துபோய் விட்டுவிட்ட காலியிடம் என்பதுபோலத்தான் கடைகளில் அந்த நாலு விரலைப் பற்றிப் பேசுகிறார்கள். சக்கரம் வேலை செய்யும் இடமே அதுதான். பள்ளத்தில் விழுந்து எழும் சக்கரம் தகட்டில் இடிக்காமல் மேலேறி இறங்க அவ்வளவு இடம் வேண்டும். நாலு பேரும் பெட்டிகளும் ஏறியதும் வண்டி அமிழ்கிறதே, அதற்கும் அதிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். காலியாக நிற்கும் காரைப் பக்கவாட்டில் நின்று படம் பிடிக்கிறவருக்கு அது வெற்றிடமாகத் தெரியும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலை போகிறவருக்கு அது வெற்றிடமல்ல.

நான் அலாய்க்கு எதிரியல்ல. என் காரிலும் போட்டிருக்கிறேன். காலையில் குளித்துவிட்டு வந்து ஒரு துணியால் அதைத் துடைக்கும் அற்பச் சந்தோஷம் எனக்கும் உண்டு. ஆனால் வீலை மாற்றுவதும் ஸ்பிரிங்கை மாற்றுவதும் ஒரே காரியமல்ல. முன்னது கணக்கு தெரிந்தால் பாதுகாப்பாகச் செய்யக்கூடியது. பின்னது வண்டியின் வடிவமைப்பிலேயே கைவைப்பது. நம்முடைய சாலைகளில் அது தேவையில்லாத வேலை என்பது என் கருத்து. கடைகள் இரண்டையும் ஒரே பில்லில் போடுகின்றன. சட்டமோ இரண்டையும் ஒரே குற்றமாகப் பார்க்கிறது, அல்லது இரண்டையுமே பார்ப்பதில்லை.

வீலின் கணக்கு

அலுமினிய வீல் அழகுக்காகப் பிறந்ததல்ல. 1924-இல் பிரான்ஸின் லியோன் நகரில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தில் எத்தோரே புகாட்டி தன் டைப் 35 கார்களை வார்ப்பு அலுமினிய வீல்களோடு இறக்கினார். எட்டுத் தட்டையான ஆரங்கள். பிரேக் டிரம்மும் வீலோடு சேர்த்தே வார்க்கப்பட்டது. எடையைக் குறைப்பதும் பிரேக் சூட்டை வெளியேற்றுவதும்தான் நோக்கம். அன்றைய பந்தயத்தில் டயர் தொல்லையால் அந்தக் கார்கள் சோபிக்கவில்லை என்பது வேறு கதை. ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை குறைந்தால் சக்கரம் சாலையின் மேடுபள்ளத்தைச் சீக்கிரம் பின்பற்றும் என்ற கணக்கு அப்போதிருந்து மாறவில்லை.

ஆனால் அலாய் என்றாலே எடை குறைவு என்று நினைப்பதுதான் நம் ஊரில் நடக்கும் முதல் ஏமாற்று. விலை மலிவான வார்ப்பு அலாயில் வலுவுக்காக உலோகத்தைத் தடியாக ஊற்றியிருப்பார்கள். அப்படிப்பட்ட 17 அங்குல வீல், கழற்றிப் போட்ட 14 அங்குல இரும்பு வீலைவிடக் கனமாக இருப்பது சர்வசாதாரணம். போதாக்குறைக்கு அந்தக் கனம் மையத்திலிருந்து இன்னும் தள்ளிப்போய் உட்கார்கிறது. சுழற்றவும் நிறுத்தவும் எஞ்சினும் பிரேக்கும் கூடுதலாக உழைக்க வேண்டும். "அலாய் போட்டதும் பிக்கப் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கே" என்று கேட்கிற வாடிக்கையாளருக்குக் கடைக்காரர் தரும் பதில், "ஓட ஓட செட் ஆயிடும் சார்."

அடுத்தது ரப்பர். டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்களை ஒருமுறை உட்கார்ந்து பெருக்கிப் பார்க்கலாம். அடிப்படை ஸ்விஃப்டுக்குக் கம்பெனி தரும் டயர் 165/80 ஆர்14. 165 மி.மீ. அகலத்தில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ., பக்கச்சுவரின் உயரம். மொத்த விட்டம் 620 மி.மீ. அதே காரின் உயர்ரக மாடலில் 185/65 ஆர்15; பக்கச்சுவர் 120, விட்டம் 621. அக்கா மகன் போட்டது 205/45 ஆர்17. பக்கச்சுவர் 92, விட்டம் 616. மொத்த விட்டம் கிட்டத்தட்ட மாறாததால் வேகமானி பொய் சொல்லாது, சக்கரம் தகட்டில் உரசாது, கடைக்காரரும் "பக்கா சைஸ்" என்று சத்தியம் செய்யலாம். போனது எது? பள்ளத்துக்கும் ரிம்முக்கும் நடுவே மெத்தையாக இருந்த ரப்பரில் நாலு சென்டிமீட்டர். ஸ்பிரிங்கில் இழந்ததும் அதே நாலு சென்டிமீட்டர். ஒரே நாளில் இரண்டு மெத்தையையும் உருவியாயிற்று.

இரும்பு ரிம் பள்ளத்தில் இடித்தால் நெளியும்; பஞ்சர் கடைக்காரர் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவார். அலாய் விரிசல் விடும். நெளிந்தாலும், அதைச் சூடாக்கி நிமிர்த்தி வெல்டிங் வைக்கும்போது, தொழிற்சாலையில் பதமான வெப்பத்தில் ஏற்றிய உறுதி அந்த இடத்தில் இறங்கிவிடும். பெயின்ட் அடித்துப் பாலிஷ் போட்டால் கண்ணுக்குத் தெரியாது. புதுப்பேட்டையில் பளபளவென்று அடுக்கி வைத்திருக்கும் பழைய அலாய்களை ஆசையோடு தொட்டுப் பார்ப்பவர்கள் வெளிப்பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். திருப்பிப் போட்டு உள்விளிம்பை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வெல்டிங் தழும்பு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

டயரில் இன்னோர் எண்ணையும் யாரும் படிப்பதில்லை: சுமைக் குறியீடு. 14 அங்குல டயரில் 85 என்று இருந்தால், ஒரு டயர் 515 கிலோ தாங்கும். 17 அங்குலத்தில் அதே அளவில் 84 போட்டதும் கிடைக்கும். 88 போட்டதும் கிடைக்கும். 84 என்றால் 500 கிலோ, 88 என்றால் 560. சக்கரம் பெரிதாகிவிட்டதால் சுமை தாங்குவதும் கூடியிருக்கும் என்று நினைத்தால், 84-ஐ வாங்கியவருக்குக் குறைந்துதான் போயிருக்கிறது. எந்த எண் போட்ட டயர் வேண்டும் என்று சென்னை ஜி.பி. ரோட்டில் நின்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்கிற கடைக்காரர் கிடைத்தால் அவரிடமே மற்றதையும் வாங்கலாம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன் என் பழைய காருக்கு முதன்முதலாக அலாய் போட்டேன். கடையின் பெயர் வேண்டாம். ஊருக்குள் ஓட்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் 80-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் கையில் நடுங்கியது. திரும்பப் போனேன், வீல் பேலன்சிங் செய்தார்கள். நடுக்கம் போகவில்லை. மறுபடி போனேன், அலைன்மென்ட். மூன்றாம் முறை, "டை ராட் எண்ட் போயிருக்கு சார்" என்று அதையும் மாற்றிக் காசு வாங்கினார்கள். கடைசியில் மதுராந்தகத்துக்கு அருகே ஆணி குத்தி இறங்கியபோது, அங்கே சாலையோரத்தில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த பெரியவர் வீலைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ரிங்கு எங்கங்க?" என்றார்.

வெளிச்சந்தை அலாய்கள் பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக நடுத்துளையைப் பெரிதாக வைத்தே செய்கிறார்கள், 67.1, 73.1 மி.மீ. என்பவை வழக்கமான அளவுகள். ஸ்விஃப்ட் போன்ற கார்களின் ஹப் 54.1 மி.மீ. தான். இடையில் இருக்கும் இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும். போடாவிட்டால் வீல் மையத்தில் உட்காராமல் நட்டுகளின் பிடியில் மட்டுமே தொங்கும். வளையம் நாலும் சேர்த்து அன்றைக்கு ஒரு குடும்பச் சாப்பாட்டு விலைகூட இல்லை. அதைப் போடாமல் எனக்கு மூன்று வேலை செய்து பில் போட்டவருக்கு நடுத்துளை என்று ஒன்று இருப்பதே தெரியாதா, தெரிந்துதான் விட்டாரா என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இதேபோலத்தான் பி.சி.டி. என்று சொல்லும் நட்டு வட்டத்தின் அளவும். பெரும்பாலான சிறிய கார்களுக்கு 4 நட்டு, 100 மி.மீ. அந்தக் கால ஃபியட் பேலியோவுக்கு 98. இரண்டு மி.மீ. தானே என்று 100 வீலை அதில் முறுக்கி ஏற்றியவர்கள் இருந்தார்கள். போல்ட் சாய்வாக உட்கார்ந்து, ஓட ஓடத் தளரும். ஹோண்டாவின் சொந்த வீலுக்கு உருண்டை முக நட்டு, வெளியில் வாங்கும் அலாய்க்குக் கூம்பு முக நட்டு. பழைய நட்டையே போட்டு ஏர் கன்னால் அடித்து அனுப்பிவிட்டால், பார்வைக்கு இறுகியதாகத் தெரியும். பிறகு ஈ.டி. என்ற ஆஃப்செட், அதாவது வீலின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம். அது குறைந்த வீலைப் போட்டால் சக்கரம் வெளியே பிதுங்கி வண்டி ராஜ தோரணையில் நிற்கும். பேரிங்மேல் விழும் நெம்புகோல் பாரமும் அதற்கேற்பக் கூடும். இதெல்லாம் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. வீலின் உள்முகத்தில் அச்சடித்திருக்கும் எண்கள்தான். அந்த எண்களைப் படித்து, உங்கள் காரின் உயர்ரக மாடலுக்குக் கம்பெனியே தரும் அளவைத் தாண்டாமல் போட்டால், அலாயால் கெட்டுப்போனவர் யாருமில்லை.

சுருளின் கதை

ஸ்பிரிங் அப்படிப்பட்டதல்ல. இதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, தாழ்த்துவதற்கென்றே கட்டையாகவும் விறைப்பாகவும் செய்து விற்கும் செட். இன்னொன்று, காசில்லாதவன் வழி: கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றி ஒரு சுற்றை வெட்டிவிட்டு மாட்டுவது. சில ஷெட்களில் வெட்டக்கூட மாட்டார்கள். கேஸ் நெருப்பைக் காட்டித் தானாக அமுங்க விடுவார்கள். எஃகின் பதமே அதோடு போயிற்று.

வெட்டுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் மீதி ஐந்து. சுற்று குறையக் குறைய விறைப்பு அதே விகிதத்தில் கூடும். ஆக ஐந்தில் ஒரு பங்கு விறைப்பு ஏறுகிறது. இந்தக் கூடுதல் விறைப்பை அடக்கும் அளவுக்கு ஷாக் அப்சார்பரை யாரும் மாற்றுவதில்லை. மேடேறி இறங்கிய வண்டி ஒரு தரம் ஆடி நிற்க வேண்டியது, மூன்று தரம் குதிக்கும். அதைவிடப் பயங்கரம், ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கும்போதோ, பெரிய பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போதோ, கட்டையாகிப்போன சுருள் தன் இருக்கையில் அழுந்தி நிற்காமல் லொடலொடவென்று ஆடும். திரும்ப உட்காரும்போது சரியான இடத்தில் உட்காரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

சரி, நல்ல செட்டாக வாங்கிப் போட்டால்? அங்கேதான் கொஞ்சம் வடிவியல் வருகிறது. நம் சிறிய கார்களின் முன்பக்கம் பெரும்பாலும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். வண்டியின் உடம்பிலிருந்து சக்கரத்துக்குப் போகும் லோயர் ஆர்ம் எந்தச் சாய்வில் இருக்கிறது என்பதை வைத்துத்தான், வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாயும் என்பது அமைகிறது. உடம்பை 40 மி.மீ. இறக்கினால் லோயர் ஆர்ம் தலைகீழாகச் சாய்கிறது. உடம்பின் எடைமையம் இறங்குவது 40 மி.மீ. தான், சாயும் புள்ளி அதைவிடக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடினால், சாய்க்கும் விசையின் பிடி வலுக்கும். "தாழ்த்தினால் வளைவில் ஒட்டிக்கொண்டு போகும்" என்று வாங்கிய வண்டி, விறைப்பான ஸ்பிரிங்கின் தயவால்தான் சாயாமல் நிற்கிறது. அந்த விறைப்பையோ ஒழுங்கற்ற சாலையில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளுவதாகத் திரும்பச் செலுத்த வேண்டியிருக்கிறது.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் ஓடும் கார்கள் தரையோடு தரையாகத்தானே இருக்கின்றன என்று அக்கா மகன் என்னிடம் கேட்டான். நியாயமான கேள்வி. அங்கே தார் வழுவழுப்பு, ஓட்டுபவர் ஒருவர், பின்சீட்டில் பாட்டி இல்லை, குடியிருப்போர் சங்கமும் இல்லை.

பந்தயம் தெரிந்தவர்களே சாலைக் காரைத் தொடும்போது எவ்வளவு இறக்குகிறார்கள் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் நம்மிடமே இருக்கிறது. கோயம்புத்தூரின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடா மோட்டார்ஸோடு சேர்ந்து 2018-இல் டியாகோ ஜே.டி.பி. என்ற காரைக் கொண்டுவந்தது. டர்போ எஞ்சின், 114 குதிரைத்திறன், அகலமான டயர், மாற்றியமைத்த சஸ்பென்ஷன். பந்தயக் கார்களிலேயே புழங்கிய அந்தப் பொறியாளர்கள் வண்டியை எவ்வளவு தாழ்த்தினார்கள் தெரியுமா? 4 மில்லிமீட்டர். நாலு விரல் அல்ல. ஒரு விரல் நகத்தின் பாதி. அதற்குமேல் இறக்கத் தெரியாமலா நிறுத்தினார்கள்?

எங்கள் தெரு வேகத்தடைக்குத் திரும்புவோம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் நீளமும் கொண்ட, 17 மீட்டர் ஆரமுள்ள மெல்லிய வில். ஸ்விஃப்டின் முன் பின் அச்சுகளுக்கு நடுவே 2.45 மீட்டர். அந்த வில்லின்மேல் கார் ஏறி நிற்கும்போது நடுவில் மேடு எழுவது ஏறக்குறைய 44 மி.மீ. மட்டுமே. 163 மி.மீ. தரை இடைவெளி கொண்ட காருக்கு அது ஒரு பொருட்டே இல்லை; 40 மி.மீ. தாழ்த்திய காரும் தப்பித்துவிடும். எங்கள் மேஸ்திரி கட்டியது முழங்கை நீளத்தில் 15 செ.மீ. உயரச் சுவர். அதைத் தாழ்த்தாத ஸ்விஃப்டே காலியாக இருந்தால் நூலிழையில் தாண்டும். மூன்று பேரோடு 123 மி.மீ. வண்டி வந்தால் என்ன ஆகும் என்பதை அம்மா நடந்து காட்டினாள்.

தப்பு மேஸ்திரி மேல்தானே என்று கேட்கலாம். பாதி ஆமாம். சட்டத்துக்குப் புறம்பான வேகத்தடைகள் தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒன்று இருக்கின்றன, அவற்றை இடிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இடிக்கும்வரை நாம் ஓட்டுவது அந்தச் சாலைகளில்தான். ஒவ்வொரு நவம்பரிலும் மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரிக்காரர்கள் தங்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்துகிற ஊர் இது. காரை உயரமான இடம் தேடி ஏற்றும் ஊரில், காசு கொடுத்து அதைத் தாழ்த்துகிறோம்.

தாழ்த்தும் மோகம் பிறந்த இடத்தில் நிலைமை வேறு. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் மெக்சிக அமெரிக்க இளைஞர்கள் பழைய ஷெவர்லே கார்களின் டிக்கியில் மணல் மூட்டை வைத்தும் சுருளை வெட்டியும் தாழ்த்தினார்கள். அவர்களின் பெருமை மெதுவாகப் போவதில் இருந்தது. ஊரே பார்க்கும்படி, தரையைத் தடவிக்கொண்டு ஊர்வலம் போவது. கலிஃபோர்னியா 1958-இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, காரின் எந்தப் பாகமும் ரிம்மின் கீழ்விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கக் கூடாது என்றது. அடுத்த ஆண்டே ரான் அகிரே என்பவர் விமானங்களில் பயன்படும் ஹைட்ராலிக் பம்பை எடுத்துத் தன் கொர்வெட்டில் மாட்டினார். போலீஸ் வந்தால் விசையைத் தட்டி உயர்த்திக்கொள்ளலாம், போன பிறகு தாழ்த்திக்கொள்ளலாம். அந்தத் தடையை நீக்கிய சட்டம் 2024 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. மெதுவாகப் போவதற்காகத் தாழ்த்திய கலையை, நாம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 120-இல் போவதற்காக எடுத்துக்கொண்டோம்.

சட்டம் எங்கே பார்க்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாக உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவு, மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது.

இப்போது படியுங்கள்: பதிவுச் சான்றிதழில் ஸ்பிரிங்கின் உயரம் இருக்கிறதா? என்னுடையதில் இல்லை. வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாற்றமே 'மாற்றம்' என்று அதே 52-ஆம் பிரிவு விளக்கம் தருகிறது. உயர்ரக மாடலின் 15 அங்குல அலாயைப் போட்டால் அது அடிப்படைத் தன்மையை மாற்றுவதா? சுருளை வெட்டினால்? ஒருவர் ஆமாம் என்பார், ஒருவர் இல்லை என்பார். எங்கே எண்ணும் அளவும் இருந்திருக்க வேண்டுமோ, அங்கே அதிகாரியின் அன்றைய மனநிலை உட்கார்ந்திருக்கிறது. நான் பார்த்தவரை சாலையில் பிடிபடுவது சைலன்சர், கறுப்புக் கண்ணாடி, நம்பர் பிளேட். சத்தம் போடுவதும் கண்ணில் படுவதும் மாட்டும். வெட்டிய ஸ்பிரிங் சத்தம் போடாது.

கேள்வி கேட்கும் சந்தர்ப்பமே வராது என்பது அடுத்த விஷயம். லாரிக்கும் பேருந்துக்கும் எஃப்.சி. என்ற தகுதிச் சோதனை உண்டு. சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு. அதுவரை அரசின் கண் ஒருமுறைகூட அதன் அடிவயிற்றைப் பார்க்கக் கட்டாயமில்லை. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் புதுக் கார் மூன்றாம் ஆண்டில் சோதனைக்குப் போகிறது, பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ஜப்பானில் தரை இடைவெளி 9 செ.மீ. இருக்க வேண்டும் என்று அளந்தே பார்ப்பார்கள். ஜெர்மனியில் வீலும் தாழ்த்தும் ஸ்பிரிங்கும் தாராளமாகப் போடலாம். ஆனால் அந்தப் பொருளுக்கு, அந்த மாடல் காருக்கென்று, அங்கீகாரத் தாள் இருக்க வேண்டும். ஸ்பிரிங் மாற்றினால் சோதனை நிலையத்தில் பொறியாளர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அது வண்டியின் ஆவணத்தில் ஏறும். ஆசையை அடக்கச் சொல்லவில்லை. அளந்து காட்டச் சொல்கிறார்கள்.

நம்மிடம் துண்டு துண்டாக எல்லாம் இருக்கிறது. கார் வீல் ரிம்களுக்கு ஐ.எஸ். 16192 தரநிலை இருக்கிறது, ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி மத்திய அரசு 2020-இல் ஆணையே பிறப்பித்தது. பாதுகாப்புக்கு முக்கியம் என்று அறிவிக்கப்பட்ட உதிரிபாகத்தைத் தரமின்றி விற்பவருக்கு, அதே 182-ஏ பிரிவில், ஓராண்டு வரை சிறை அல்லது பாகம் ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் இருக்கிறது. வண்டிகளை இயந்திரத்தில் ஏற்றிப் பார்க்கும் தானியங்கிச் சோதனை நிலையங்கள் நாடெங்கும் வந்துகொண்டிருக்கின்றன. இவற்றைக் கோத்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

கோப்பது பெரிய வேலையுமல்ல. ஒரு கார் மாடலுக்குக் கம்பெனி தன் எந்த வகையிலாவது தரும் வீல், டயர் அளவுகளைப் பட்டியலாக வெளியிட்டு, முத்திரையுள்ள வீலாக இருந்தால் அவற்றுக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பட்டியலைத் தாண்டிய எதற்கும், ஸ்பிரிங்கில் தொட்ட எதற்கும், சோதனை நிலையத்தில் ஒருமுறை ஏற்றி இறக்கிச் சான்று வாங்க வேண்டும் என்று வைக்கலாம். வெட்டிய சுருளுக்கும் நெருப்புக் காட்டிய சுருளுக்கும் சான்றே கிடையாது. கடைக்காரர் தரும் பில்லில் 'அலாய் 1 செட்' என்று இல்லாமல் அளவு, ஈ.டி., நடுத்துளை வளையம், டயரின் சுமைக் குறியீடு எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அபராதம் உரிமையாளருக்கு 5,000 என்றால், மாட்டிய ஷெட்டுக்கு அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 22 வயதுப் பையனுக்கு ஆஃப்செட் தெரியாமல் இருப்பது குற்றமில்லை. ஆஃப்செட் விற்றுப் பிழைப்பவருக்குத் தெரியாமல் இருப்பது குற்றம்தான்.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. பாலிசி எடுக்கும் படிவத்தில் கூடுதல் பொருத்துகளைத் தெரிவிக்க ஒரு கட்டம் இருக்கிறது. அலாய் போட்டவர்களில் அதை நிரப்பியவர் யாரையும் எனக்குத் தெரியாது, என்னையும் சேர்த்து. இந்தக் கட்டுரைக்காக யோசித்தபோதுதான் உறைத்தது. அடுத்த நாளே ஏஜென்ட்டைக் கூப்பிட்டுச் சொன்னேன். "எதுக்கு சார் இதெல்லாம்?" என்றார்.

தீபாவளி முடிந்து இரண்டு வாரத்தில் அக்கா மகன் போன் செய்தான். பழைய ஸ்பிரிங் நாலும் எங்கள் வீட்டுப் பரணில் கொலு பொம்மைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறதாம். அம்மாவுக்குத் தெரியாமல் அவனே வைத்தது. எடுத்துக்கொண்டு போனான். மாட்டும்போது முன்பக்க ஷாக் இரண்டிலும் எண்ணெய் கசிந்திருந்தது தெரிந்து, அவற்றுக்கும் சேர்த்து அழுதான். அலாயைத் திருப்பிக் கொடுக்கப் போனால் கடைக்காரர் வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்குதான் தருவேன் என்றாராம். அந்தக் கோபத்தில் 17 அங்குலத்தையே வைத்துக்கொண்டான். பள்ளம் கண்டால் இப்போதும் வளைந்து வளைந்துதான் ஓட்டுகிறான். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது தெருமுனையில் பழக்கதோஷத்தில் நிறுத்தினான். அம்மா கதவைத் திறக்கவில்லை.